ஆபரேஷன் கவுன் நனைந்தால் என்ன ஆகும்?

வாசகர் கேள்வி:

அம்மாவுக்கு வயது 62. அடுத்த மாதம் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன். மருத்துவமனையில் கொடுத்த செலவுக் கணக்கில் 'டிஸ்போசபிள் கவுன், டிரேப்' என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். இது தேவைதானா, இல்லை பணம் பிடுங்குகிறார்களா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு வேறொரு இடத்தில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அங்கே எல்லாம் பச்சைத் துணி கவுன்தான், வெளுத்துப்போய், ஒட்டுப்போட்டு, மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். எட்டாம் நாள் தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, இரண்டு மாதம் கட்டு மாற்ற அலைந்தோம். (அப்பாவுக்குச் சுகர் உண்டு.) அந்தத் துணி கவுன்தான் காரணமா? அங்கே பச்சை உடுப்போடு ஊழியர்கள் வாசல் டீக்கடையில் நின்றதையும் பார்த்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. இந்தக் கவுன் உண்மையில் எதைத் தடுக்கிறது? அம்மாவுக்காக நான் என்ன கேட்க வேண்டும்?

பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முப்பது வருடத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டராக இருந்தவள் நான். கவுனை மடித்து, டிரம்மில் அடுக்கி, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றி, டாக்டர்களுக்கு மாட்டிவிட்டு, எல்லாம் முடிந்ததும் ரத்தக் கறையோடு கழற்றி வாங்கிப் போட்டதுதான் என் வேலையில் பாதி. அதனால் உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவு முழுதாகவே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அப்பா விஷயம். அந்தக் கவுன்தான் சீழுக்குக் காரணம் என்று இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆபரேஷன் புண்ணில் சீழ் வைக்கும் கிருமிகளில் பெரும்பங்கு நோயாளியின் சொந்தத் தோலிலும் மூக்கிலும் குடலிலும் ஏற்கெனவே குடியிருப்பவைதான். அதோடு சுகர் சேர்ந்தால் புண் ஆறுவதும் தாமதம், கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறைவு. நம்மைப் போன்ற நாடுகளில் ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குப் புண்ணில் தொற்று வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமே கணக்குச் சொல்கிறது. இதை அந்த மருத்துவமனைக்கு வக்காலத்து வாங்குவதற்காகச் சொல்லவில்லை. 'அன்றைக்கே நாம் கவுனைப் பற்றிக் கேட்டிருந்தால் அப்பா கஷ்டப்பட்டிருக்க மாட்டாரே' என்று நீங்கள் உங்களையே குத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை என்னை உறுத்தியது. ஒட்டுப்போட்ட துணி. கொடியில் காய்வதில் தப்பில்லை, துவைத்த கவுன் எங்கே காய்ந்தாலும் அதற்கப்புறம் கட்டாக மடித்து ஆட்டோகிளேவில் வைத்தபிறகுதான் தியேட்டருக்குள் வரும். ஒட்டு அப்படியில்லை. ஊசி நூலால் தைத்த ஒட்டு என்றால் அந்த ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. கிழிசலை மூடப் போய்ச் சுற்றிலும் நூறு ஓட்டை போட்டதாகிவிடும். அதனால்தான் கிழிந்த கவுனைச் சூட்டில் ஒட்டும் துண்டு வைத்து ஒட்டலாம், தைக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

சரி, கவுன் எதைத் தடுக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் நினைப்பது, டாக்டர் மேல் ரத்தம் படாமல் இருக்கத்தான் கவுன் என்று. அதுவும் உண்மைதான். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ரத்தம் வழியாகப் பரவுபவை, மேஜையில் நிற்பவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் கவுனின் வேலை வேறு. மனிதத் தோல் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் செதிலாக. நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு ஆளின் உடம்பிலிருந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்தாயிரம் செதில் உதிரும் என்பது தொற்றுத் தடுப்பு வகுப்புகளில் சொல்லும் கணக்கு, அதில் பத்தில் ஒன்று மேல் பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் உதிரும், எவ்வளவு சுத்தக்காரராக இருந்தாலும் உதிரும். ஒரு மூட்டு மாற்று ஆபரேஷனில் மேஜையைச் சுற்றி மூன்று நான்கு பேர், ஒன்றரை இரண்டு மணி நேரம், திறந்த முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறார்கள். அந்த மூன்று நான்கு உடம்புக்கும் உங்கள் அம்மாவின் எலும்புக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு சுற்றுத் துணிதான்.

இப்போது துணியைப் பாருங்கள். சாதாரணப் பருத்தித் துணியில் குறுக்கு நூலும் நெடுக்கு நூலும் சேரும் இடத்தில் உள்ள இடைவெளி 80 முதல் 100 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தோல் செதில் 20 மைக்ரான் சொச்சம், சீழ் வைக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா ஒன்று தனியாக எடுத்தால் ஒரு மைக்ரான்தான். அப்படியென்றால் கொசுவலைக்குள் கடுகு போகிற மாதிரி எல்லாம் போய்விடாதா என்று தோன்றும். புதுத் துணியாக, உலர்ந்ததாக, இரண்டு மடிப்பாக இருந்தால் ஓரளவு நூலிலேயே சிக்கிக்கொள்ளும், ஏனென்றால் உலர்ந்த பாக்டீரியாவுக்குத் தானாக நகர்ந்து வர முடியாது, அதை ஏதாவது ஒன்று சுமந்துகொண்டு வர வேண்டும்.

அந்த ஏதாவது ஒன்றுதான் ஈரம். ரத்தம், கழுவுகிற சலைன், டாக்டரின் வியர்வை, எதுவாக இருந்தாலும் சரி. துணி நனைந்த நிமிடமே அது விளக்குத் திரி மாதிரி ஆகிவிடுகிறது, ஒரு பக்கத்து ஈரத்தை மறுபக்கத்துக்கு உறிஞ்சிக் கொண்டுபோகிறது, அதோடு கிருமியும் சவாரி செய்கிறது. உள்ளே இருக்கும் முழங்கையிலிருந்து வெளியே, வெளியே இருக்கும் ரத்தத்திலிருந்து உள்ளே, இரண்டு திசையிலும். அமெரிக்காவில் பெக், காலெட் என்ற இருவர் 1952-லேயே இதைச் சோதித்துப் பார்த்து, நனைந்த பருத்திக் கவுன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை பொய்யானது என்று எழுதிவிட்டார்கள். அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கப் பருத்திக் கவுன்தான் ஓடியது, நம் ஊரில் இன்னும் பல இடங்களில் ஓடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கும் பருத்திதான். பெரிய ஆபரேஷன் என்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டி, அதன்மேல் கவுன் போடுவார்கள். மார்பும் வயிறும் அதனால் தப்பிக்கும். கைக்கு ஏப்ரன் கிடையாதே. ஒரு ராத்திரி, சிசேரியன் முடிந்து அந்த மேடத்தின் கவுனைக் கழற்றிவிட்டபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ரத்தம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அவருடைய தோலில் ஒரு காயமும் இல்லை, அது முழுக்கத் துணி வழியாக உள்ளே வந்த நோயாளியின் ரத்தம். உள்ளே அவ்வளவு வந்திருக்கிறது என்றால் அந்தக் கையின் வியர்வையும் கிருமியும் வெளியே எவ்வளவு போயிருக்கும் என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது, கவுன் மடிக்கும்போது ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். நூல் நைந்து வெளிச்சம் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது தரை துடைக்கப் போய்விடும். பருத்தி துவைக்கத் துவைக்க நைந்து இடைவெளி பெரிசாகும், பஞ்சும் உதிரும், அந்தப் பஞ்சு இழை புண்ணில் விழுந்தால் அது வேறு தொல்லை. எத்தனை சலவை ஆச்சு என்று யாரும் எழுதி வைத்த காலம் இல்லை அது.

நீங்கள் கேட்ட டிஸ்போசபிள் கவுன் (பில்லில் உள்ள டிரேப் என்பது நோயாளிமேல் விரிக்கும் விரிப்பு) இந்த ஈரப் பிரச்சினைக்காகவே வந்தது. அது நெய்த துணியே இல்லை. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி மெல்லிய இழைகளாக்கித் தாறுமாறாகப் படியவிட்டு, மூன்று அடுக்காகச் சேர்த்து ஒட்டியது. வெளி அடுக்கு இரண்டும் கிழியாமல் தாங்க, நடு அடுக்கு மிக நுண்ணிய இழை, அதுதான் கிருமியை வடிகட்டுகிறது. தண்ணீர் மேலே விழுந்தால் சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடும். 2020-இல் கொரோனா வந்தபோது திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்த யூனிட்டுகளெல்லாம் பி.பி.இ. உடுப்பு தைத்தார்களே, அதைக் கோவை சிட்ரா ஜவுளி ஆய்வகத்தில் செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணிமேல் செலுத்தி, பின்பக்கம் கசிகிறதா என்று பார்த்துத்தான் சான்று கொடுத்தார்கள். ஆபரேஷன் கவுனுக்கும் அதே மாதிரிச் சோதனைதான்.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டு வாக்குவாதத்துக்கு இதுதான் பதில். டிஸ்போசபிள் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. அதிலும் தரம் உண்டு. அமெரிக்க அளவுகோலில் 1 முதல் 4 வரை நான்கு நிலை, லெவல் என்பார்கள். 2-ஆம் நிலைக் கவுன் 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், 3-ஆம் நிலை 50 சென்டிமீட்டர், 4-ஆம் நிலையில் ரத்தத்தில் வரும் வைரஸ் அளவுள்ள ஒரு நுண்ணுயிரைக் கொண்டே சோதித்து, ஒன்றுகூட ஊடுருவவில்லை என்று காட்ட வேண்டும். ஐரோப்பிய அளவுகோலில் 'ஸ்டாண்டர்ட்', 'ஹை' என்று இரண்டு பிரிவு. வார்டில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் மெல்லிசான நீலக் கவுனும் டிஸ்போசபிள்தான், அதைப் போட்டுக்கொண்டு மூட்டு ஆபரேஷன் செய்தால் நல்ல துணி கவுனைவிட மோசம். முழங்கால் மாற்றும்போது ரம்பத்தால் எலும்பை அறுக்கிறார்கள், துளித்துளியாகத் தெறிக்கும். அப்புறம் சலைனைப் பீய்ச்சி லிட்டர் கணக்கில் கழுவுகிறார்கள். முன்பக்கமும் கையும் குளித்த மாதிரி நனையும் ஆபரேஷன் அது. அதற்கு 3 அல்லது 4 போட்டால்தான் எனக்குத் திருப்தி.

அதே போல, துணி என்றாலே மோசம் என்றும் நினைக்காதீர்கள். நெருக்கமாக நெய்த பாலியஸ்டரில், தண்ணீர் ஒட்டாத பூச்சோடு, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கவுன்கள் இருக்கின்றன. 75 சலவை என்கிற மாதிரி ஒரு எண்ணிக்கை வைத்து, ஒவ்வொரு சலவைக்கும் குறித்துக்கொண்டே வந்து, எண்ணிக்கை முடிந்ததும் ஒதுக்கிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புண் தொற்றைத் தடுப்பதற்கு, கிருமி நீக்கிய டிஸ்போசபிள், கிருமி நீக்கிய துணி, இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று இன்னொன்றைவிடத் தொற்றைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிற மூன்றாவது வகை ஒன்று உண்டு: ஒரு தடவை போட்டுத் தூக்கிப்போட வேண்டிய கவுனைத் துவைத்து, திரும்ப ஆட்டோகிளேவ் செய்து, மறுபடி மாட்டுவது. செலவை மிச்சம் பிடிக்கச் சில இடங்களில் இதைச் செய்கிறார்கள். துவைத்தபின் அந்த நடு அடுக்கும் தண்ணீர் ஒட்டாத தன்மையும் என்ன நிலையில் இருக்கும் என்பதற்குத் தயாரித்தவர்களே பொறுப்பு ஏற்பதில்லை. பில்லில் புது கவுனுக்குக் காசு வாங்கிவிட்டு இதைச் செய்தால் அது அநியாயம்.

எல்லா ஆபரேஷனுக்கும் ஒரே அளவு கவலை வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷனில் ஒவ்வொரு நோயாளிக்கும் கவுன் மாற்றுவதில்லை. அரவிந்தின் பல ஊர் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சம் ஆபரேஷன்களை அலசி வெளியிட்ட ஆய்வில் கண்ணுக்குள் தொற்று வந்தது 10,000 பேரில் 7 பேருக்கு, கண்ணுக்குள்ளேயே ஒரு ஆன்டிபயாட்டிக் செலுத்தும் முறை வந்தபின் அது 2 பேராகக் குறைந்தது. சின்ன வெட்டு, சில நிமிட வேலை, ரத்தமே கிடையாது, கவுன் நனைவதும் இல்லை. அதைப் பார்த்து மூட்டு ஆபரேஷனுக்கும் அதுபோதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூட்டு ஏன் அவ்வளவு விசேஷம் என்றால், அம்மாவின் உடம்புக்குள் ஒரு உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வைத்து மூடப்போகிறார்கள். 1957-இல் எலெக், கோனன் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் சோதித்தார்கள். வெறும் தோலில் சீழ் உண்டாக்கப் பல லட்சம் ஸ்டாஃபைலோகாக்கஸ் தேவைப்பட்டது, கூடவே ஒரு பட்டு நூல் தையல் இருந்தால் சில நூறே போதுமாக இருந்தது. அந்நியப் பொருள் ஒன்று இருந்தால் பாக்டீரியா அதன்மேல் பாசி மாதிரி படிந்துகொள்ளும், ரத்த அணுக்களும் மருந்தும் அதற்குள் போய்ச் சேர்வது கஷ்டம். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனை வளர்த்தெடுத்த ஜான் சார்ன்லிக்கு 1960-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு 7 பேருக்குத் தொற்று வந்தது. முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கம் அவரிடம் அப்போது இல்லை. வடிகட்டிய காற்றுக்குள் நின்று ஆபரேஷன் செய்தார், அப்புறம் கிருமி ஊடுருவாத கவுன், தான் விடும் மூச்சையே குழாய் வழியாக வெளியேற்றும் உடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பத்து வருடத்தில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கவுன் விஷயத்தை மூட்டு டாக்டர்கள் அவ்வளவு கவனமாக எடுத்துக்கொள்வது அங்கிருந்து வந்தது.

அதற்காக, விண்வெளி வீரர் மாதிரி ஹெல்மெட் வைத்த உடுப்புக்கும் உங்களிடம் தனிக் காசு கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். நியூசிலாந்தில் மூட்டு மாற்றுப் பதிவேட்டின் பத்து வருடக் கணக்கைப் பார்த்து 2011-இல் வெளியான ஆய்வில், அந்த உடுப்பால் ஆரம்பகாலத் தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது. இப்போது ஆபரேஷனுக்கு முன்பே ஆன்டிபயாட்டிக் போட்டுவிடுகிறார்கள், அதனால் சார்ன்லி காலத்துக் கணக்கு அப்படியே பொருந்தாது.

கவுன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போடுகிற விதத்தில் கெட்டுப்போகும் என்பதை நாங்கள் தினமும் பார்த்தோம். கவுனை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்துக் கட்டுவோம், கழுவிய வெறும் கை உள்பக்கத்தை மட்டும் தொட்டு விரிக்க வேண்டும் என்பதற்காக. மாட்டியபிறகும் முழுக் கவுனும் சுத்தம் என்று கணக்கில்லை. முன்பக்கத்தில் மார்பிலிருந்து மேஜை மட்டம் வரை, கையில் முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலிருந்து மணிக்கட்டுப் பட்டி வரை, அவ்வளவுதான். முதுகுப்பக்கம், அக்குள், இடுப்புக்குக் கீழே எல்லாம் அசுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். டாக்டர்கள் வேலை இல்லாத நேரத்தில் கையை மார்புக்கு முன்னால் கோத்துக்கொண்டு நிற்பதும், ஒருவரை ஒருவர் கடக்கும்போது முதுகோடு முதுகாகத் திரும்பிப் போவதும் அதனால்தான். மணிக்கட்டுப் பட்டி பனியன் துணி மாதிரி இழுபடும் துணி, அது தண்ணீரைத் தடுக்காது, அதனால் கிளவுஸ் அதை முழுதாக மூடியிருக்க வேண்டும். நீண்ட ஆபரேஷனில் கிளவுஸ் சுருண்டு கீழே இறங்கிப் பட்டி எட்டிப் பார்க்கும், அதைக் கண்டுபிடித்து 'சார், கிளவுஸ்' என்று சொல்வது சிஸ்டரின் வேலை. கை நனைந்துவிட்டால், கவுனில் கிழிசல் தெரிந்தால், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். சீனியர் டாக்டரிடம் அதைச் சொல்ல ஆரம்பத்தில் எனக்குத் தைரியம் இருக்கவில்லை, பிறகு வந்தது. சொல்ல முடிகிற தியேட்டராக இருப்பது நோயாளிக்குப் பெரிய பாதுகாப்பு.

டீக்கடையில் நீங்கள் பார்த்த பச்சை உடுப்பு கவுன் இல்லை. அது கவுனுக்கு உள்ளே போடும் சட்டை பேன்ட், ஸ்க்ரப் சூட் என்போம். அது கிருமி நீக்கியது இல்லை, துவைத்தது மட்டும்தான். அதன்மேல்தான் சுத்தமான கவுன் வரும். ஆனாலும் உங்கள் கோபம் நியாயமானது. தியேட்டர் உடுப்போடு தெருவுக்கு வந்துவிட்டு அதே உடுப்போடு திரும்ப உள்ளே போவது கெட்ட பழக்கம், உள்ளே போகும் முன் மாற்ற வேண்டும். நான் வேலை பார்த்த இடங்களில் இதற்காக எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் உங்களோடு உட்கார்ந்து பேசும் நாளில், சந்தேகப்படுகிற தொனி இல்லாமல், 'டாக்டர், பில்லில் கவுன், டிரேப் போட்டிருக்கே, அது எந்த லெவல், கிருமி நீக்கிய சீல் பாக்கெட்டில் வருவதா' என்று கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள், பாக்கெட்டின் லேபிளையே காட்டுவார்கள். லேபிளில் லெவல், கிருமி நீக்கிய முறை, காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். அவர்கள் துணி கவுன் பயன்படுத்துகிறவர்கள் என்றால் அது தண்ணீர் ஊடுருவாத துணியா, சலவைக் கணக்கு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 'மூட்டு ஆபரேஷனில் உங்களிடம் தொற்று எவ்வளவு பேருக்கு வருகிறது, கணக்கு வைத்திருக்கிறீர்களா' என்பதையும் கேட்கலாம், கவுனைப் பற்றிய கேள்வியைவிட எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது, கணக்கு வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் கவுனையும் சரியாகத்தான் வைத்திருப்பார்கள். தொகை உங்களால் தாங்கக்கூடியது, லெவலும் சரியானது என்றால் கொடுத்துவிடுங்கள், அதில் வீட்டில் சண்டை வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கவுனைவிடக் கனமானது. அம்மாவுக்குச் சுகர் இருக்கிறதா என்று எழுதவில்லை, இருந்தால் மூன்று மாத சராசரி பார்த்து அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி குறிக்கச் சொல்லுங்கள். காலில் பித்தவெடிப்பு, விரலிடுக்கில் சேற்றுப்புண், சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல், எதுவானாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், அங்கிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிப் புது மூட்டில் போய் உட்காரலாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். முந்தின நாளும் அன்று காலையும் சோப்பு போட்டுக் குளிக்கட்டும். காலில் பிளேடு வைத்து முடியெடுக்கவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து கிருமிக்கு இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்தில் போடுவார்கள், முன்னதாகவே வார்டில் போட்டு அனுப்பச் சொல்லி நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபிறகு முதல் மூன்று மாதம் கண் வைத்திருங்கள். உள்ளே பொருள் வைத்த ஆபரேஷனுக்குத் தொற்றுக் கணக்கே 90 நாள் வரை. குறைந்துவந்த வலி திரும்பக் கூடினால், புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால், தையலில் நீர் கசிந்தால், மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உள்ளே கழுவிச் சுத்தம் செய்து அந்த மூட்டையே காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

கவுனுக்குச் சொன்ன ஈரக் கதைதான் அம்மாவின் காலில் இருக்கும் கட்டுக்கும். உலர்ந்திருக்கும்வரை அது காவல், உள்ளேயிருந்து ரத்தமோ நீரோ ஊறி வெளிப்பக்கம் வரை வந்துவிட்டால் அதே வழியில் கிருமி உள்ளே போகும். அதன்மேல் இன்னொரு பஞ்சு வைத்துச் சுற்றிவிடாதீர்கள். கட்டு நனைந்தது தெரிந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் வார்டு சிஸ்டருக்குப் போன் பண்ணுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க வேண்டாம்.